ஏழு பன்னிரண்டுக்கு வந்த யானை

தாரணிக்கு ஒரே கல்யாணத்தை மூன்று விதமாகக் காட்டத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் படத்தில் மாப்பிள்ளையின் அக்கா பதினாறு முறை வருவாள். பெண் வீட்டுப் படத்தில் அந்த அக்கா இருந்த இடமே தெரியாது. பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்ளும் காட்சி மட்டும் மெதுவாக, மிக மெதுவாக ஓடும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தாலி கட்டுவதும் பந்தியும் சேர்த்து எட்டே நிமிடம்.

மைசூர் அக்ரஹாரத்தில், ஒரு வீடியோ ஸ்டூடியோவின் மாடியறையில் உட்கார்ந்து பதினான்கு வருடம் இந்த வேலையைச் செய்தவள் அவள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த குடும்பம். தாத்தாவும் அப்பாவும் இரும்போடு மல்லுக்கட்டினார்கள். தாரணி அடுத்தவர் ஆனந்தக் கண்ணீரோடு மல்லுக்கட்டினாள். எத்தனையோ மாலை மாற்றல்களை அழகாக வெட்டி ஒட்டியவளுக்குத் தன் கழுத்தில் ஒரு மாலை விழும் நாள் மட்டும் கூடி வரவில்லை. நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. அதைப் பற்றி யாராவது கேட்டால், "என் கல்யாணத்தை யாருங்க எடிட் பண்றது" என்று சிரித்துவிடுவாள்.

ஸ்டூடியோவை மூடியபோது அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் வனவிலங்குப் பதிவகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது பதிவகம். காடுகளிலும் காட்டோர வயல்களிலும் மரத்தில் கட்டிவைத்த கேமராக்கள் தாமாகவே எடுத்த படங்கள், பறவைக் குரல்கள், புலியின் உறுமல், எல்லாம் அங்கே கணினிகளுக்குள் இலட்சக்கணக்கில் கிடந்தன. தலைவர் பரத்வாஜ் ஒரு யானைக் காட்சியை ஓடவிட்டு, "இதை என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

தாரணி யோசிக்கவேயில்லை. "யாருக்கு சார்?" என்று கேட்டாள்.

பரத்வாஜ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்தக் கேள்விக்காகத்தாம்மா ஆறு மாசமா ஆள் தேடிண்டிருக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குத் திருவிழாதான். காலையில் கணினியைத் திறக்கும்போதே நெஞ்சு படபடக்கும். இன்றைக்கு எந்த மிருகம், எந்த வீட்டுக்கு?

அவள் செய்ததிலேயே பெரிய பெயர் வாங்கியது நாற்பது விநாடிக் காட்சி ஒன்று. ஹனூருக்கு அப்பால் மலையடிவாரத்தில், ஒரு குடும்பத்தின் மக்காச்சோளத் தோட்டத்து ஓரமாக, அவர்கள் சம்மதத்தோடு கட்டிய கேமரா எடுத்தது. இருட்டில் ஒரு யானைக்குட்டி சோளத் தட்டையை இழுக்கிறது. தட்டை வர மறுக்கிறது. குட்டி இன்னும் பலமாக இழுத்து, தொப்பென்று பின்பக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. எழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்பது போலத் தலையைத் திருப்புகிறது. பின்னால் தாய் யானை மலை மாதிரி நிற்கிறது.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் அந்தக் குட்டிக்குச் 'சுட்டி' என்று பெயர் வைத்தாள். விழும் இடத்தில் ஒரு மிருதங்கத் தட்டல் போட்டாள். கன்னடத்திலும் தமிழிலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஓடியது அந்தப் படம். வனக் காவலர் பயிற்சிக்கு அதே காட்சியை இசையில்லாமல், பாதம் தரையில் பதியும் கணத்தில் நிறுத்தி நிறுத்தி, அதன் சுற்றளவை வைத்து யானையின் உயரத்தைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தாள். பெரிய வகுப்புகளுக்குச் சுட்டியின் பெயரையே எடுத்துவிட்டு, யானை ஏன் வயலுக்கு வருகிறது என்ற கேள்வியோடு முடித்தாள். பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்குப் படமே கிடையாது, ஒலி மட்டும். தட்டை நறுக்கென்று ஒடிவதும், குட்டியின் சிணுங்கலும், தாயின் வயிற்றுக்குள்ளிருந்து புறப்படும் ஆழ்ந்த முழக்கமும் கேட்கக் கேட்க அந்தப் பிள்ளைகள் மேசையில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார்கள். "டீச்சர், அம்மா யானை பின்னாடிதானே நிக்குது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அன்று தாரணி வீடு வரைக்கும் ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே போனாள்.

எல்லாவற்றிலும் அவள் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கேமரா எடுக்கும் ஒவ்வொரு காட்சியின் அடியிலும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். தேதி, மணி, வெப்பம், அன்றைய நிலவின் வடிவம், எல்லாம் அதில் பதிந்திருக்கும். தாரணி அதை முதல் வேலையாக வெட்டி எறிந்துவிடுவாள். முகூர்த்தப் படத்தின் ஓரத்தில் தேதி ஓடினால் அது மட்டமான வேலை என்பதுதான் ஸ்டூடியோவில் அவள் கற்ற முதல் பாடம். பழகிய கை, கேட்காமலே வெட்டியது.

அந்தக் கையை அவள் நொந்துகொண்ட நாள், வைகாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை.

காலை பத்து மணிக்குப் பதிவகத்தின் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். ஹனூரிலிருந்து முதல் பஸ் ஏறி, கொள்ளேகாலில் மாறி, தூசியும் வியர்வையுமாக வந்திருந்தாள்.

"இங்க யானைப் படம் போடற அம்முணி ஆருங்க?"

பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று தாரணி துள்ளி எழுந்தாள். "நான்தாங்க்கா. உள்ள வாங்க, உட்காருங்க."

"உக்கார வரலீங்க. என்ற பேரு ராமக்காள். எங்கூரு பள்ளிக்கொடத்துல சத்துணவு ஆக்கறனுங்க. போன வாரம் பசங்களுக்கு உங்க படத்தப் போட்டாங்க. எல்லாஞ் சேந்து கெக்கெக்கேன்னு சிரிச்சுதுங்க. என்னடா சிரிப்புன்னு கரண்டியும் கையுமா எட்டிப் பாத்தனுங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தக் கெணத்து மேடு, சாஞ்சு நிக்கற பலா மரம், எல்லாம் என்ற தோட்டமுங்க. அது திங்கறது என்ற சோளம்."

தாரணியின் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. அத்தனை பள்ளிக்கூடங்கள் கைதட்டிய மிருதங்கத் தட்டல் இப்போது அவள் நெஞ்சுக்குள் விழுந்தது. "அக்கா, மன்னிச்சிருங்க. நான் அப்படி யோசிக்கவே இல்ல..."

"அட, அதுக்கு வரலீங்க அம்முணி. கொளந்தைங்க சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போவுது. எனக்கு அந்தப் படத்துல ஒரே வெவரம் வேணும். அன்னிக்கு ஆனை எத்தன மணிக்கு வந்துச்சு?"

பிறகு அவள் உட்கார்ந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

அவள் கணவர் ஆறுமுகசாமி தினமும் சாப்பிட்டுவிட்டு இரவு எட்டரைக்குக் காவலுக்குப் பரணேறுவார், விடிந்த பிறகுதான் இறங்குவார். போன புரட்டாசியில், மகாளய அமாவாசைக்கு மறுநாள் விடிந்து பார்த்தால், ஓடையோரத்துச் சோளம் முழுக்கத் தரைமட்டமாகக் கிடந்தது. மூன்று மாத உழைப்பு ஒரே இரவில் போயிற்று.

"கேட்டா, நான் கண்ணே மூடலீங்கறாரு. கண்ணு மூடாதவரு காதுக்கு ஆனை வந்தது கேக்காதுங்களா? ஆத்திரத்துல நாலு பேரு முன்னால வெச்சு, நீயெல்லாம் ஒரு காவக்காரனான்னு கேட்டுப்போட்டனுங்க. ஊரே தூங்குமூஞ்சின்னு பேரு வெச்சுருச்சு. மறுநாளே துண்டத் தோள்ல போட்டுட்டுக் கெளம்பிட்டாரு. எட்டு மாசமாச்சு. இங்கதான், ரிங் ரோட்டுப் பக்கம் கட்டட வேலைல நிக்கறாருன்னு எங்கூருக்காரரு ஒருத்தரு சொன்னாரு. போன் போட்டா எடுக்கறதில்ல."

"இப்ப மணி தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"எட்டரைக்கு மேல வந்திருந்தா அவரு தூங்குனது நெசந்தானுங்களே. அத மூஞ்சிக்கு நேரா நீட்டிக் காட்டோணும். தூங்கிட்டேன் புள்ளன்னு ஒரே ஒருக்கா ஒத்துக்கிட்டாப் போதுமுங்க, நானே கையப் புடிச்சு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். வெதைப்பு வந்துருச்சு. அவரு இல்லாம இந்த வருசம் ஏர் கட்ட எனக்குத் தெம்பு இல்லீங்க." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "காட்டுங்க அம்முணி" என்றாள்.

தாரணி படத்தை ஓடவிட்டாள். சுட்டி இழுத்தான், விழுந்தான், எழுந்தான்.

"மணி எங்கீங்க?"

இல்லை. காவலர் படத்தைத் திறந்தாள். அதிலும் இல்லை. பெரிய வகுப்புப் படத்திலும் இல்லை. ஒரு பெண்ணின் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புப் பட்டையைத் தன் கையாலேயே எல்லாவற்றிலும் வெட்டி எறிந்திருக்கிறாள். 

"இருங்கக்கா. அசல் படம் உள்ள பத்திரமா இருக்கு" என்று பரத்வாஜின் அறைக்கு ஓடினாள்.

பரத்வாஜ் கேட்ட மாத்திரத்தில் கையை உயர்த்தினார். "பேடாம்மா, வேண்டவே வேண்டாம். அசலை வெளியாளுக்குக் காட்டப்படாது. எந்த மிருகம் எங்கே, எத்தனை மணிக்கு நடமாடறதுன்னு தெரிஞ்சா வேட்டைக்காரனுக்கு வழி காட்டின மாதிரி. அந்த ரூலை எழுதினதே நான்."

"சார், அவங்க வெளியாள் இல்ல. நிலம் அவங்களது, சோளம் அவங்களது. இத்தனை வருஷம் கல்யாணம் எடுத்திருக்கேன். ஊருக்கெல்லாம் படம் குடுத்துட்டு, கல்யாண வீட்டுக்கு மட்டும் இல்லேன்னு சொன்னதா சரித்திரமே கிடையாது."

பரத்வாஜ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். ராமக்காள் காலி சொம்பை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள். அவர் பேசாமல் எழுந்து வந்து, தன் கடவுச்சொல்லைத் தானே தட்டினார். "இவா தோட்டத்துக் கேமரா மட்டும். அதுவும் நான் பக்கத்துல நிக்கறப்போ" என்றார்.

அசல் திறந்தது. அதே குட்டி, அதே தட்டை. அடியில் கறுப்புப் பட்டை. நிலவின் இடத்தில் முழுக்க இருண்ட ஒரு வட்டம். மகாளய அமாவாசைத் தேதி. அதற்குப் பக்கத்தில் எண்கள்.

ராமக்காள் திரைக்கு மூக்கு படும்படி குனிந்தாள். "பத்தொம்பது... பன்னெண்டு. பத்தொம்பதுன்னா என்னங்க?"

தாரணி எண்ணைத் தொட்டுக் காட்டினாள். "ராத்திரி ஏழு மணிங்க்கா. ஏழு பன்னெண்டு."

"ஏளா?"

அடுத்தடுத்த காட்சிகளைத் தாரணி திறந்தாள். ஏழு இருபது. ஏழு முப்பத்தொன்று. கடைசி யானை ஓடைக்குள் இறங்கி மறையும்போது மணி ஏழு ஐம்பது. ஆறுமுகசாமி பரணேறுவதற்கு நாற்பது நிமிடம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது! ஓடையோரம் பள்ளத்தில் இருக்கிறது, பரணோ மேட்டில் காட்டைப் பார்த்து நிற்கிறது. நிலவில்லாத இருட்டில் அந்த மனிதர், ஏற்கெனவே அழிந்துபோன சோளத்துக்கு விடிய விடியக் கண் விழித்துக் காவல் காத்திருக்கிறார்.

ராமக்காளின் முகத்தில் இரத்தமே இல்லை. அப்போது பரத்வாஜ் தொண்டையைக் கனைத்தார். "ஸ்வல்ப இருங்கோ. அவசரப்பட வேண்டாம். பாட்டரி மாத்தறப்போ கேமராவோட கடிகாரம் தப்பாப் போறதுண்டு. போன வருஷம் ஒண்ணு பட்டப்பகலை ராத்திரி ரெண்டு மணின்னு காட்டித்து. இதை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது."

ராமக்காள் அவரையும் தாரணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அவரு தூங்குனாரா, இல்லியா? அதச் சொல்லுங்க சாமி."

  அந்த நிமிடத்தில்தான் தாரணிக்கு, பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்காக இதே காட்சியின் ஒலியைச் சுத்தம் செய்தது நினைவுக்கு வந்தது. ஒரு நாய்க் குரைப்பை எடுத்தாள், காற்றிரைச்சலை எடுத்தாள். இன்னும் ஒன்று இருந்தது. தூரத்தில் எங்கோ ஒரு மனிதக் குரல். யானைக்கு நடுவில் அது எதற்கு என்று, துணியில் ஒட்டிய நூலைப் போலக் கிள்ளி எறிந்தாள்.

"அக்கா, இதைக் காதுல வைங்க" என்று ஹெட்போனை எடுத்து அவளுக்கு மாட்டினாள். அசல் ஒலியை முழுக்கக் கூட்டி வைத்தாள்.

ராமக்காள் கண்ணை மூடிக்கொண்டாள். தட்டை ஒடிந்தது. குட்டி சிணுங்கியது. தாய் முழங்கியது. இருபத்தாறாவது விநாடியில் அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

"அம்முணி... இது நானுங்க."

"என்னங்க்கா சொல்றீங்க?"

"நாந்தானுங்க கூப்படறேன். 'ஏனுங்க, களி ஆறுது, வாங்க'ன்னு. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நின்னவரைச் சாப்பாட்டுக்குக் கூப்படறேன்." அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கிடையே வார்த்தைகள் கசிந்தன. "ஆனை வந்து நின்னப்ப அவரு என்ற முன்னாலதான் உக்காந்திருந்தாரு. களி போட்டது நானு. இன்னொரு உருண்ட வைக்கட்டுமான்னு கேட்டது நானு. விடிஞ்சதும் தூங்குமூஞ்சின்னதும் நாந்தானுங்களே."

அந்தக் கட்டடத்தில் அப்புறம் அழாதவர் யார்? பரத்வாஜ் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் எழுந்தவள் தாரணிதான். "கெளம்புங்க்கா. ஸ்கூட்டர் இருக்கு."

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் போறது?"

"இதே மூஞ்சிதான். வேற எங்க போய் வாங்கறது, வாங்க."

அவருக்குக் கொண்டுபோகும் படத்தைத் தாரணி தயார் செய்தாள். கை பழக்கத்தில் அடிப்பட்டையை நோக்கிப் போயிற்று; தன் கையைத் தானே தட்டிவிட்டாள். ஒரு விநாடியும் வெட்டவில்லை, ஒரு தட்டலும் சேர்க்கவில்லை. பார்க்கப் போகிறவர் ஒரே ஒருவர். அவள் வாழ்நாளில் இத்தனை சின்னக் கூட்டத்துக்கு அவள் படம் செய்ததில்லை.  பரத்வாஜ் தானே மடிக்கணினியைப் பையில் வைத்து, "ஜாக்கிரதை. படத்தைக் காட்டிட்டு அழிச்சுடு. இல்லே... சரி, அவாளையே கேளு" என்று முதல் முறையாகத் தன் விதியில் தடுமாறினார்.

ரிங் ரோட்டை ஒட்டி மூன்று மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மேல்தளத்துக்குக் கூரை போடும் நாள். கலவை இயந்திரம் இரைந்து சுழல, சாரத்தில் படிக்கு ஒருவராக ஆட்கள் நின்று, கலவை நிறைந்த இரும்புச் சட்டிகளைக் கைக்குக் கை மாற்றி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையின் அடியில், சிமெண்ட் பூத்த தலையோடு நின்றவரைப் பார்த்ததும் ராமக்காள் தாரணியின் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அவரும் பார்த்துவிட்டார். தேநீருக்கு இயந்திரம் நின்றதும் வந்தார். மனைவியைப் பார்க்காமல் தாரணியிடம், "இந்தம்மா எதுக்குங்க வந்திருக்குது?" என்றார்.

"ஒரு படம் காட்டணும்ங்கண்ணா."

"நான் தூங்குன படங்களா? அதுக்குப் பஸ் ஏறி வேற வரோணுமா? ஊர்ல சொன்னது பத்தலியாக்கும்."

 பஸ்ஸில் வரும்போது ராமக்காள் ஒத்திகை பார்த்த அத்தனை வசவும் எங்கே போயிற்றோ. தாரணி செங்கல் அடுக்கின் மேல் கணினியை வைத்து அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள். பட்டையை விரலால் தொட்டுக் காட்டினாள். "இதுதாங்க மணி. ஏழு பன்னெண்டு."

ஆறுமுகசாமி அசையாமல் பார்த்தார். இருபத்தாறாவது விநாடி வந்தது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. படம் முடிந்தது. "இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டாள். மூன்றாம் முறை முடிந்த பிறகுதான் காதிலிருந்ததைக் கழற்றினார்.

"சத்தியமா நான் தூங்கல புள்ள."

"தெரியுமுங்க." ராமக்காள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "அன்னிக்கு உங்கள உக்கார வெச்சுக் களி போட்டவளே நாந்தான். எனக்கே தோணலியே. தப்பு என்மேலதானுங்க. ஊட்டுக்கு வாங்க."

"ஊட்டுக்கு வந்தா? கடத்தெருவுல ஒவ்வொருத்தனும் கொட்டாவி விட்டுக் காட்டுவான். எட்டு மாசமும் நான் பயந்தது அதுக்குத்தான்."

தாரணி குறுக்கே புகுந்தாள். "பள்ளிக்கூடத்துல டிவி இருக்கில்லங்கண்ணா? அதே டிவியில ஊரை உட்கார வெச்சு இதைப் போடறேன். பட்டையோட, சத்தத்தோட."

"நானே போட்டுக் காட்டறேன்" என்றாள் ராமக்காள். "கூப்படறது எங்குரலுன்னு நானே எந்திரிச்சு நின்னு சொல்றேன். நாலு பேரு முன்னால பேசுனவ, நாப்பது பேரு முன்னால பேசறேன். அதுவும் போதாதுங்களா?"

 ஆறுமுகசாமி திரையில் நின்றுபோயிருந்த ஓடையோரத்தைப் பார்த்தபடியே, "அப்ப ஏளு மணிக்கே காவலுக்கு நிக்கோணும். பரணைப் பள்ளத்துப் பக்கம் மாத்திப் போடோணும்" என்றார் மெல்ல. அது தாரணியிடம் சொன்னதல்ல. தன் தோட்டத்தைப் பற்றி ஒரு மனிதன் தன் மனைவியிடம் பேசிய பேச்சு.

இயந்திரம் மறுபடி இரையத் தொடங்கியது. "டேய் ஆறுமுகா, கலவை இறுகுது" என்று மேஸ்திரி மேலேயிருந்து கத்தினார்.

"பாதியில உட்டா கூரை ஒட்டாது புள்ள. ரெண்டு மணி நேரமாவும். உக்காந்திரு" என்று ஆறுமுகசாமி தன் இடத்துக்கு நடந்தார்.

ராமக்காள் உட்காரவில்லை. சேலையை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகினாள், முந்தானையைத் தலையில் சுற்றினாள். வரிசையின் அடியில், கணவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். "ரெண்டு மணி நேரம் எதுக்கு? ஒண்ணே காலுல முடிச்சுப்போடலாம். கடைசி பஸ்ஸு நமக்காக நிக்காதுங்க" என்று முதல் சட்டியை ஏந்தி அவர் பக்கம் நீட்டினாள்.

"மெதுவாப் புடி. சிந்தப் போவுது" என்று அவர் வாங்கிக்கொண்டார்.

தாரணி கணினியைத் தூசி படாமல் பையில் மூடி வைத்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. சட்டிக்குப் பின் சட்டியாக இரண்டு பேர் கையும் தொட்டுத் தொட்டு விலகுவதை, யாருக்காகவும் வெட்டாமல், ஒரு கணமும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.